அடித்துத் திருத்திய ஒன்பது சொற்கள்

மணியம்மாள் அன்று கூடையை இறக்கவில்லை.

பதினெட்டு வருஷமாகக் குருசுக்குப்பத்திலிருந்து முத்தியால்பேட்டைக்கு மீன் கொண்டுவருகிறவள். கலியபெருமாள் வீட்டு வாசலில் கூடையை இறக்கி வைத்து, "இன்னிக்கு வஞ்சிரம் இல்ல, சங்கராதான்" என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சே வரும். அன்று தலைச்சுமையோடு நின்றபடியே பேசினாள்.

"அம்மா இல்லீங்களா ஐயா?"

"உள்ள இருக்கா. கூடையை எறக்கு."

"இல்லீங்க. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

கலியபெருமாள் செய்தித்தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். எழுபத்தெட்டு வயதிலும் வீட்டுக்குள்ளேயே இஸ்திரி போட்ட சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டு உடுத்துகிறவர். நாற்காலியில் சாயவும் மாட்டார்.

"நான் சொல்லலீங்க. குப்பத்துல சொல்றாங்க. புயலைக் கொண்டாந்து நம்ம தலைமேல நிறுத்தி வச்சதே உங்க பாப்பாதானாம்."

பாப்பா என்று அவள் சொன்னது ஹேமலதாவை. நாற்பத்தோரு வயதாகும் அந்தப் பாப்பா, நார்வே நாட்டின் வடகோடியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி.

"யார் சொன்னது?"

"நீங்கதான் சொன்னீங்களாம். போன்ல எல்லார்கிட்டயும் ஓடுது. எனக்கு அந்தப் பொண்ணு மேல ஒண்ணும் இல்லீங்க ஐயா. ஆனா ஊட்ல இடுப்பளவு தண்ணி. மிக்ஸி போச்சு, டிவி போச்சு, மருமவன் எஞ்சின் போச்சு. அடுத்த புயலையாவது கடலூர் பக்கம் தள்ளிவிடச் சொல்லுங்க. அங்க என் நாத்தனார் இருக்கா."

சிரிக்காமல் சொன்னாள். போகும்போது திரும்பிப் பார்த்து, "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு மண்டபத்துக்கு உங்களைக் கூப்பிடணும்னு பேசிக்கிறாங்க. பஞ்சாயத்துத் தலைவர் ராஜவேலு வந்து சொல்லுவாரு" என்று சொல்லிவிட்டுத் தெருவில் மேலே நடந்தாள். "மீனேய்" என்ற குரல் இரண்டு வீடு தள்ளித்தான் எழுந்தது.

அவருடைய வாசலை அந்தக் குரல் தாண்டிப் போனது அதுதான் முதல் தடவை.

*

நடந்தது இதுதான். ஐப்பசியில், மழைக்கு முன்னால், குருசுக்குப்பத்துப் படிப்பகம் மண்டபத்தில் நடத்திய ஆண்டு விழாவுக்குக் கலியபெருமாளைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். காரணம் இருந்தது. குப்பத்து மண்டபம் நிற்கிற மனைக்கு முப்பது வருஷத்துக்கு முன்னால் பத்திரம் எழுதியவர் அவர். கூலி வாங்காமல் எழுதிக் கொடுத்தவர்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் போனபிறகும் நொத்தேர் அலுவலகம் போகவில்லை. சொத்து, உயில், பாகப்பிரிவினை எல்லாம் அங்கே போய் எழுதுகிற குடும்பங்கள் இன்றும் உண்டு. அப்படி ஓர் அலுவலகத்தில் கலியபெருமாள் நாற்பது வருஷம் தலைமை எழுத்தர். அவருடைய அப்பாவும் அதே நாற்காலி, தாத்தாவும் அதே நாற்காலி. அந்த வேலைக்கு ஒரு கட்டளை உண்டு. பத்திரத்தில் ஒரு சொல் தப்பாக விழுந்துவிட்டால் சுரண்டக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது. ஒரே ஒரு கோடு இழுத்து அடிக்க வேண்டும். அடித்த சொல் கோட்டுக்கு அடியில் தெளிவாகத் தெரிய வேண்டும். பிறகு ஓரத்தில் 'அடித்த சொற்கள் இத்தனை, செல்லாது' என்று எண்ணி எழுதி, எழுதியவரும் கேட்டவர்களும் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். பராஃப் என்பார்கள் அதை. மூன்று தலைமுறையில் எங்கள் வீட்டுக் கை ஒரு சொல்லையும் சுரண்டியதில்லை என்பதுதான் கலியபெருமாள் தன் குலத்தைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் ஒரே பெருமை.

அந்த விழாவில் அவருக்கு முன்னால் பேசிய ஒருவர், தன் பேரன் பாரீஸில் மூன்று படுக்கையறை வீடு வாங்கிய கதையைக் கால் மணி நேரம் சொன்னார். குப்பத்து ஜனம் கைதட்டியது. அடுத்து மைக் கலியபெருமாள் கைக்கு வந்தது. வாசிப்பின் பயன் என்று குறிப்பெழுதிக் கொண்டு போயிருந்தவர், குறிப்பை மடித்துப் பையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"என் மகள் ஹேமலதா தரையில் இருந்தபடியே வானத்தைச் சூடாக்குகிறாள். அவள் ஒரு பொத்தானை அழுத்தினால் வானிலையே அவள் சொன்னபடி கேட்கும்."

முதல் வாக்கியம் மகள் எப்போதோ போனில் சொன்னது. என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டதற்கு, "ரேடியோ அலையை மேல அனுப்பி வானத்தைச் சூடாக்குறோம்ப்பா" என்றாள். அதற்கு மேல் அவர் கேட்டதில்லை. இரண்டாவது வாக்கியம் அவருடைய சொந்தச் சரக்கு. அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

கார்த்திகையில் புயல் வந்தது. கரையேறிய புயல் நகராமல் ஊர்மேலேயே நின்றுகொண்டு ஒரு நாள் முழுக்கக் கொட்டித் தீர்த்தது. வயதானவர்களும் அப்படி ஒரு மழையைப் பார்த்ததில்லை. தண்ணீர் வடிந்த பிறகு யாரோ விழா வீடியோவைத் தேடி எடுத்து அந்த இரண்டு வாக்கியத்தை மட்டும் வெட்டி, 'புயலை நிறுத்தி வைத்தது யார்?' என்று தலைப்புப் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

*

அன்று பிற்பகலே இளஞ்செழியன் வந்தார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு தெரு தள்ளி வீடு. போனை நீட்டிக் காட்டினார். கலியபெருமாள் தன் முகத்தையும் தன் குரலையும் அதில் ஒருமுறை பார்த்தார். மறுமுறை போடச் சொல்லவில்லை.

"சார், இது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. இது நீங்க பேசினதே இல்லன்னு சொல்லிடுங்க. இப்பதான் ஏஐ-னு ஒண்ணு வந்திருக்கே, யார் மூஞ்சியை வச்சு வேணா எதை வேணா பேச வைக்கிறான். சனங்க நம்புவாங்க. மிச்சத்தை நான் குரூப்ல பாத்துக்கறேன்."

"நான்தானே பேசினேன்."

"அது நமக்குத் தெரியும் சார்."

"சுரண்டுறது எங்க வீட்ல வழக்கம் இல்ல, மிஸ்டர் இளஞ்செழியன். காப்பி சாப்பிடுறீங்களா?"

மிஸ்டர் போட்டால் பேச்சு முடிந்தது என்று இளஞ்செழியனுக்குத் தெரியும். காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

உண்மையில் கலியபெருமாளை வீடியோ அரிக்கவில்லை. அதைவிட ஆழத்தில் ஒன்று அரித்தது. ஒருவேளை நிஜமாக இருந்தால்? மகள் வானத்தைச் சூடாக்குகிறாள் என்பது அவளே சொன்னது. சூடு ஏறினால் மேகம், மேகம் ஏறினால் மழை. பள்ளிக்கூடத்தில் அவர் படித்ததும் அப்படித்தான். அங்கே எதையோ திருப்ப, இங்கே எதுவோ நின்றுவிட்டதென்றால்? மணியம்மாள் வீட்டில் இடுப்பளவு தண்ணீருக்கு அவருடைய ரத்தம் பொறுப்பென்றால்?

அப்படியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் எழுந்து நின்று, ஆமாம், எங்கள் வீட்டுப் பெண்தான் என்று சொல்லிவிடுவது என்று முடிவுசெய்தார். அதில் அவருக்குத் தடுமாற்றம் இல்லை. தடுமாறியது மகளிடம் கேட்பதற்குத்தான். நீ ஊரைக் கெடுத்தாயா என்று பெற்ற பெண்ணிடம் எந்த வாயால் கேட்பது?

வெள்ளிக்கிழமை ராஜவேல் வந்தார். குப்பத்துப் பஞ்சாயத்துத் தலைவர், ஐம்பது வயது, இரண்டு ஃபைபர் படகுக்குச் சொந்தக்காரர். புயலில் ஒன்று உடைந்துபோயிருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்.

"தப்பா நெனைக்காதீங்கய்யா. நாலு பசங்க துள்றாங்க. நீங்க வந்து ஆமான்னோ இல்லன்னோ ஒரு வார்த்தை சொல்லிட்டா அடங்கிடும். நீங்க எழுதின மண்டபம். அங்க நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு எல்லாருக்கும் தெரியும்."

அவர் போனதும் உள்ளேயிருந்து செல்வாம்பாள் வந்தாள். ஐம்பது வருஷமாக அவரோடு வாழ்கிறவள். வாசலில் மீன் வாங்க முடியாமல் மூன்று நாளாகக் கத்தரிக்காய்க் குழம்பு வைத்துக் கொண்டிருந்தாள்.

"ஏங்க, அவளைத்தான் ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்."

"கேக்குற கேள்வியா இது?"

"நீங்க மைக்ல பேசினது பேசுற பேச்சாக்கும்?"

கலியபெருமாள் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு, புதுச்சட்டை போட்டுக்கொண்டு, போனைப் புத்தக அடுக்கில் சாய்த்து வைத்து மகளை அழைத்தார்.

*

அங்கே நடுப்பகல். ஆனாலும் ஹேமலதாவின் ஜன்னலுக்கு வெளியே நீலம் கரைத்துவிட்ட மாதிரி அரை இருட்டுத்தான். மார்கழி நெருங்கினால் அந்த ஊரில் சூரியன் தலைகாட்டாது.

"என்னப்பா, சட்டை புதுசா இருக்கு. அம்மா நல்லாத்தானே இருக்காங்க?"

"நல்லா இருக்கா. ஒண்ணு கேக்கணும். நேராப் பதில் சொல்லு. புயல் அடிச்ச அன்னிக்கு உன் மிஷினு ஓடிச்சா?"

ஹேமலதா பக்கத்திலிருந்த ஏதோ ஒரு கணினியைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஓடிச்சுப்பா. நாலு மணி நேரம்."

கலியபெருமாள் நாற்காலியில் இன்னும் நிமிர்ந்தார். கதவோரம் நின்ற செல்வாம்பாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஓடவில்லை என்று சொல்லிவிடுவாள், அதோடு முடிந்துவிடும் என்றுதான் இரண்டு பேரும் நம்பியிருந்தார்கள்.

"அப்பா, அந்த வீடியோதானே? எனக்கும் வந்துச்சு. மூஞ்சியை ஏன் அப்படி வச்சிருக்கீங்க? நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல. மழை எவ்வளவு உயரத்துல இருக்கு தெரியுமா?"

"மேல."

"எவ்வளவு மேல? மேகம், இடி, புயல் எல்லாமே தரையிலேர்ந்து பதினஞ்சு பதினாறு கிலோமீட்டருக்குள்ள முடிஞ்சுடுது. எங்க அலை அதுக்குள்ள நிக்காது. மேகத்தைக் கண்டுக்காமத் தாண்டிப் போயிடும். அது போய் நிக்கிற எடம் நூறு கிலோமீட்டருக்கும் மேல. இருநூறு, இருநூத்தம்பது. அங்க வெயில் அடிச்சு அடிச்சு அணுக்கள்லேர்ந்து எலக்ட்ரான் பிச்சுக்கிட்டுத் தனியாத் திரியும். அயனி மண்டலம்னு சொல்வோம். அந்த எலக்ட்ரானைத்தான் நாங்க சூடாக்குறோம்."

"சூடு கீழ எறங்காதா?"

"எறங்குறதுக்குக் காத்து வேணுமேப்பா. நீங்க இப்ப மூச்சு விடுறீங்கல்ல, அந்தக் காத்துல கோடியில ஒரு பங்குகூட அங்க கிடையாது. கணக்குப் போட்டா டிகிரி ஆயிரக்கணக்குல வரும். ஆனா அங்க கையை வச்சா சூடே தெரியாது. மிஷினை அணைச்சா சில நொடியில எலக்ட்ரான் ஆறிடும். மிச்சம் மீதி கலக்கம் இருந்தாலும் சில நிமிஷம். அப்புறம் நாங்க வந்து போன தடமே இருக்காது. அதுவும் எங்க தலைக்கு நேர் மேல. உங்களுக்கும் எனக்கும் எட்டாயிரம் கிலோமீட்டர்."

"புயலை நிறுத்த..."

"ஒரு சின்ன இடிமழையில இருக்கிற சக்தி எங்க மிஷினைவிட ஆயிரக்கணக்கான மடங்குப்பா. புயலைச் சொல்லவே வேணாம். நீங்க கடற்கரை ரோட்ல நின்னு வானத்தைப் பாத்து டார்ச் அடிச்சா அரியாங்குப்பத்து ஆறு கொதிக்குமா? அப்படித்தான்."

கலியபெருமாளுக்கு முதலில் தோள் இறங்கியது. பிறகு முதுகு. ஐம்பது வருஷத்தில் அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து செல்வாம்பாள் பார்த்தது அன்றுதான். அவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அப்ப நம்ம பொண்ணு ஒண்ணும் பண்ணலதானே" என்று கதவைப் பார்த்துக் கேட்டாள். கதவு பதில் சொல்லாவிட்டாலும் அவளுக்குப் போதுமாயிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

ஆனால் கலியபெருமாளுக்கு நிம்மதிக்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. அதற்கு அவரே வெட்கப்பட்டார்.

"அவ்வளவுதானா?" என்றார்.

"எது?"

"இல்ல. உன் மிஷினால ஆகுறது அவ்வளவுதானா?"

ஹேமலதா சிரித்தாள். "அவ்வளவுதான்ப்பா. ரொம்பக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை அளக்கத்தான் நாங்க இத்தனை பேர். தொண்ணூறு வருஷம் முன்னாடி ஐரோப்பாவுல ஒரு பெரிய ரேடியோ நிலையத்தோட பேச்சு இன்னொரு நிலையத்தோட அலைமேல ஏறிக் கேட்டுச்சு. அலைங்க ஒண்ணோட ஒண்ணு கலக்காதுன்னுதான் எல்லாரும் நெனைச்சிருந்தாங்க. அப்பதான் தெரிஞ்சுது, பெரிய நிலையம் மேல இருக்கிற அடுக்கையே கொஞ்சம் அசைக்குதுன்னு. அதுலேர்ந்து ஆரம்பிச்ச வேலை இது."

"நான் பேசினது ரெண்டு வாக்கியம். எது சரி, எது தப்பு? சொல் சொல்லாச் சொல்லு. எழுதிக்கிறேன்."

"நொத்தேர் பத்திரம் எழுதப் போறீங்களா?" என்றாள் மகள். ஆனாலும் சொல் சொல்லாகச் சொன்னாள். முடிந்த பிறகு, போனை வைக்காமல் கொஞ்சம் தயங்கினாள். "அப்பா, அந்த வீடியோ தப்புத்தான். ஆனா நான் நாலு தடவை பாத்தேன். நீங்க என்னைப் பத்தி நாலு பேர் முன்னாடி பேசி நான் கேட்டதே இல்ல."

கலியபெருமாள் பேனாவை மூடினார். "அங்க குளிருக்கு நல்லாப் போத்திக்க" என்றார்.

*

அன்று மாலை முழுக்க எழுதினார். எழுத உட்கார்ந்த பிறகுதான் வேலையின் கடுமை தெரிந்தது. எங்கள் வீட்டுப் பெண் புயலை நிறுத்தினாள் என்று ஒப்புக்கொள்வதற்கு அவர் முதுகு தயாராக இருந்தது. அது குற்றமானாலும் பெரிய குற்றம். ஊரே நிமிர்ந்து பார்க்கிற குற்றம். எங்கள் வீட்டுப் பெண்ணால் ஒரு தூறலைக்கூட வரவழைக்க முடியாது, நான் சும்மா அளந்துவிட்டேன் என்று அதே மைக்கின் முன்னால் நின்று சொல்வதற்கு அந்த முதுகு வளைந்து பழகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அறுபது எழுபது பேர். சுவரில் தண்ணீர் நின்ற கோடு இடுப்பளவில் இன்னும் தெரிந்தது. மணியம்மாள் பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இருந்தாள். ராஜவேல் நாற்காலி போட்டார். கலியபெருமாள் உட்காரவில்லை.

"நான் இங்க பேசினதை நானே எழுதி எடுத்துட்டு வந்திருக்கேன். முதல்ல பேசினபடியே படிக்கிறேன்" என்றார். படித்தார். பின்வரிசையில் யாரோ ஒருவன் மெல்லக் கைதட்டினான். சிலர் சிரித்தார்கள்.

"இப்ப திருத்தம். முதல் வாக்கியத்துல 'வானத்தை'ங்கிற ஒரு சொல் அடிச்சாச்சு. அதுக்குப் பதிலா ஓரத்துல, 'நூறு கிலோமீட்டருக்கும் மேலே, மழையோ மேகமோ இல்லாத உயரத்தில் உள்ள ஒரு மெல்லிய அடுக்கை, சில நொடிகளுக்கு'. ரெண்டாவது வாக்கியம் எட்டு சொல். எட்டும் அடிச்சாச்சு. ஆக, அடித்த சொற்கள் ஒன்பது, செல்லாது. அந்த எட்டையும் என் மக சொல்லல. நானாச் சேத்தேன்."

முதலில் கேட்டது மணியம்மாள்தான்.

"அப்ப பாப்பாவால புயலைக் கொண்டாற முடியாதுங்களா?"

"முடியாது."

"தள்ளிவிடவும் முடியாதா?"

"முடியாது."

"ஒரு தூத்தலாவது?"

"முடியாது."

"அடப் பாவமே. அதுக்காய்யா அம்மாம் படிப்பு?"

மண்டபமே சிரித்தது. கலியபெருமாளுக்குக் காது சுட்டது. ஆனால் அந்தச் சிரிப்பில் கோபம் இல்லை என்பது அவருக்கும் கேட்டது. துள்ளுகிறார்கள் என்று ராஜவேல் சொன்ன பையன்களும் அதில் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் எழுந்து, மிஷினு ஓடிச்சா ஓடலையா என்று கேட்டான். ஓடியது, நாலு மணி நேரம் என்று கலியபெருமாள் மறைக்காமல் சொன்னார். மகள் சொன்ன உயரக் கணக்கையும் டார்ச் கணக்கையும் சொன்னார். அரியாங்குப்பத்து ஆறு கொதிக்காது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பையன் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்தான்.

ராஜவேல் மட்டும் யோசித்தபடி கேட்டார். "ஐயா, அந்த அடுக்கு நம்ம ஊருக்கு மேலயும் இருக்குதா?"

"உலகம் பூராவும் இருக்குன்னு சொன்னா."

"சில நாள் பொழுது சாஞ்ச பொறவு எங்க படகுல ஜிபிஎஸ் கொஞ்ச நேரம் புடிச்சு நிக்காம அலையும். மேல ஏதோ கலங்குதுன்னு துறைமுகத்துல ஒரு ஆபீசர் சொன்னாரு. அதுதானா இது? பாப்பாவுக்குத் தெரியுமா?"

அறுபது முகங்கள் அவரைப் பார்த்தன. கலியபெருமாளின் நெஞ்சு தானாகவே விரிந்தது. அவளுக்குத் தெரியாததா, அவள் வந்தால் உங்கள் படகையெல்லாம் நேராக்கிவிடுவாள் என்ற வாக்கியம் முழுசாகத் தயாராகி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வாயைத் திறந்தார். கையிலிருந்த தாளில் எட்டு சொல்லின்மேல் இழுத்த கோடு கண்ணில் பட்டது.

"எனக்குத் தெரியாது, ராஜவேல். அவளைக் கேட்டுட்டுச் சொல்றேன்."

"அது போதுங்க."

தாளை மேசைமேல் வைத்து ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டார். கேட்டவர்களும் போட வேண்டும் என்றார். ராஜவேல் போட்டார். துள்ளிய பையன் போட்டான். மணியம்மாள் பேனாவை வாங்கி, 'ம' என்று ஒரே எழுத்தைப் பெரிதாக எழுதிவிட்டு, "அடிச்சதுகூட நல்லாத் தெரியுதே ஐயா, இன்னும் கொஞ்சம் கெட்டியா அடிச்சிருக்கலாம்" என்றாள்.

"தெரியணும்" என்றார் கலியபெருமாள்.

கடற்காற்று எதிரே வர, குப்பத்துச் சந்து வழியே வீட்டுக்கு நடந்தார். பாதி வழியில் சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டுக் கொண்டார்.

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு வாசலில் கூடை தொப்பென்று இறங்கியது.

"இன்னிக்கும் வஞ்சிரம் இல்லீங்கம்மா" என்றாள் மணியம்மாள். "படகுங்க இப்பதான் ரெண்டொண்ணு போவுது. சங்கராதான். ஐயாவுக்குப் பெருசா ரெண்டு எடுத்து வச்சிருக்கேன்."

செல்வாம்பாள் பாத்திரத்தோடு ஓடிவந்தாள். கலியபெருமாள் செய்தித்தாளைவிட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் நாற்காலியில் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தார்.